ஆந்தைக்குப் பெட்டி வைத்தோம், நண்டுக்கு என்ன வைப்பது?

நிகழ்வு ஆய்வு: மாசாய், ஜொகூர்

மாசாயிலிருந்து கோங் கோங் போகிற சாலையில் இன்னும் கொஞ்சம் செம்பனை மிச்சமிருக்கிறது. மாசாய் பழைய தோட்டப் பட்டணம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அப்புறம் அதிலும் பெரும்பகுதி போய் வீடமைப்புப் பகுதிகளும் பாசிர் கூடாங் ஆலைகளும் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய நம் ஆட்கள் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் லாரிக்கும் போனார்கள். கடலுக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப் போன ஒருவரின் மீன் கூண்டுகளில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் கூண்டுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

அவருடைய அப்பா தோட்டத்தில் மண்டோர். இவரும் இளவயதில் அதே தோட்டத்தில் வேலை பார்த்தவர்தான். எலி மருந்து வைப்பது, ஆந்தைப் பெட்டி நடுவது, ஏணி போட்டு ஏறிப் பெட்டிக்குள் குஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கேலோங்கில், அதாவது கடலில் மிதக்கும் மீன் பண்ணையில், கூலிக்குச் சேர்ந்து, தொழில் கற்று, இப்போது ஆற்று முகத்துவாரத்தில் சொந்தமாகச் சில கூண்டுகள் வைத்திருக்கிறார். பெரும்பாலும் சியாக்காப் (கொடுவா மீன்), கொஞ்சம் கெராப்பு (களவா மீன்). அந்த ஆந்தைப் பெட்டி வேலையைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும்.

வலையில் ஏறியது

மிதவைகள் மேல் கட்டிய சட்டத்திலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் வலைப் பைதான் கூண்டு. வலைக்கண் வழியே நீரோட்டம் போய் வந்தால்தான் உள்ளிருக்கும் மீனுக்கு மூச்சு. பாசி, கொட்டலசு, சிப்பி என்று எது வலைக்கண்ணில் ஒட்டினாலும் ஓட்டம் குறையும். இங்கே காலங்காலமாக ஒட்டிவந்தது பச்சைக் கூப்பாங் என்கிற பச்சைச் சிப்பி. அது ஒட்டினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வழித்தெடுத்தால் பாசாரில் நாலு வெள்ளி கிடைக்கும். அதற்கென்றே கயிறு தொங்கவிட்டு வளர்ப்பவர்களும் பக்கத்தில் உண்டு.

சில வருடங்களாக வலையைத் தூக்கும்போது பச்சை குறைந்து கருப்பு கூடிக்கொண்டே வந்தது. நகத்தளவு குஞ்சிலிருந்து சுண்டுவிரல் நீளம் வரை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒட்டு நாரால் பின்னிக்கொண்டு நிற்கும். வலை மாற்றும் நாளில் கண்கள் எல்லாம் அடைபட்டு, தார் ஊற்றிய சாக்கு மாதிரி மேலே வரும். கத்தியால் சுரண்டினால் ஓடு நொறுங்கி விரலிடுக்கைக் கீறும். ஓடு போனாலும் நார் வலையிலேயே நிற்கும், அடுத்த குஞ்சுகள் அந்த நாரைப் பிடித்துக்கொண்டே வந்து உட்காரும். வெயிலில் நன்றாகக் காயப்போட்டு அடித்தால்தான் வலை பழைய நிலைக்கு வரும். "இந்த நாத்தத்துக்குப் பூனைகூடக் கிட்ட வராது தம்பி" என்றார் கூண்டுக்காரர். பூனை வந்தது, முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அவரை உண்மையில் பயமுறுத்தியது நாற்றமும் கூலிச் செலவும் அல்ல. விடியற்காலையில் சியாக்காப் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தது. இரவு முழுக்க மீனும் பாசியும் சிப்பியும் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கும். விடிவதற்குச் சற்று முன்புதான் அது மிகக் குறைவாக இருக்கும். வலை அடைத்திருந்தால் வெளியிலிருந்து புதுத் தண்ணீர் வந்து அந்தக் குறையை ஈடுகட்டவும் வழியில்லை.

பாசிர் கூடாங் பக்கம் மீன் தவித்தால் முதலில் ஆலைக் கழிவைத்தான் சந்தேகிப்போம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூடவேண்டி வந்த ஊர் இது, சந்தேகப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இந்த முறை காரணம் வலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டைத் திறந்து பார்த்ததில் இரண்டு வகை தெரிந்தது. ஆற்றுப் பக்கம், உப்பு குறைந்த இடத்து மரத்தூண்களில் இருந்தது சிறியது. அதன் கூர்முனைக்கு உள்ளே ஒரு குட்டித் தட்டு இருக்கும். இது கரீபியன் கடற்பகுதியைச் சேர்ந்த மைட்டிலாப்சிஸ் சாலேய். சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும் இது வந்து சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2006இலேயே எழுதிவிட்டார்கள். கூண்டு வலைகளில் இருந்தது பெரியது. உள்ளே தட்டு கிடையாது, ஓட்டின் உட்புறம் ஊதா, வெளிப்புறம் கருப்பிலிருந்து பழுப்பு வரை பல நிறம். அது மைட்டெல்லா ஸ்டிரைகாட்டா.

மைட்டெல்லாவின் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்காவின் வெப்பக் கடற்கரைகள். 1986இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் ஒரு மின்நிலையத்தின் நீர் உறிஞ்சும் இடத்தில் தலைகாட்டியது. 2014இல் பிலிப்பைன்ஸ், 2016இல் சிங்கப்பூர், அதற்குப் பிறகு தாய்லாந்து, கேரளம். சென்னையின் எண்ணூர்ப் பக்கம் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லி, இறால் தரையையே மூடிவிட்டது என்று வயிறெரிவது இதே சிப்பியைத்தான். ஜொகூர் நீரிணையின் சிங்கப்பூர்ப் பக்கத்தில், பச்சைக் கூப்பாங்கின் இடத்தை இது பிடித்துவருகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நீரிணையின் நடுவே நாட்டு எல்லை இருக்கிறது, சிப்பிக் குஞ்சுக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரோடு மிதந்து வருவது அது.

கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டியும், கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் கடல்நீரிலும்தான் இவை ஊர் தாண்டுகின்றன. அந்த நீரைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் பக்கத்துக்கு அது கொஞ்சம் தாமதம்.

வந்ததும் நிலைத்துவிடக் காரணம் அதன் உடம்புவாகு. சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மைட்டெல்லா, மெல்ல மெல்லப் பழக்கினால், 2 கிராமிலிருந்து 40 கிராம் வரை தாங்குகிறது. மழையில் ஆறு பெருகி முகத்துவாரத்துத் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிப் போகும் நாட்களிலும் ஓட்டை மூடிக்கொண்டு காத்திருக்கும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியதுமே இனப்பெருக்கத்துக்குத் தயார். தீனி குறைந்தால் பாலினமே மாறிக்கொள்வதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

ஆந்தை தந்த யோசனை

மருந்து அடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு டார்வின் கதையைச் சொல்ல வேண்டும். 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், படகு நிறுத்தும் மூன்று துறைகளில் மைட்டிலாப்சிஸ் கண்டுபிடிக்கப்பட்டது. சதுர மீட்டருக்கு 20,000க்கும் மேல். குளோரினும் செம்பு சல்பேட்டும் டன் கணக்கில் கொட்டி, சில வாரங்களில் துடைத்தெடுத்துவிட்டார்கள். கடலில் வந்தேறிய உயிரை அடியோடு ஒழித்த வெகுசில வெற்றிகளில் இது ஒன்று. அது முடிந்ததற்குக் காரணம், டார்வினில் கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் மிகப் பெரியது என்பதால் அந்தத் துறைகளுக்கு மதகுக் கதவு உண்டு. கதவை மூடினால் உள்ளே இருப்பது குளம்தான். நமக்கு அப்படி எதுவும் இல்லை. 1924இல் திறந்த தாம்போதிப் பாலம் நீரிணையை இரண்டாக வெட்டியிருப்பது உண்மைதான், ஆனாலும் இரண்டு பக்கமும் திறந்த கடல். தவிர, இங்கே மருந்து கொட்டினால் முதலில் சாவது கூண்டிலிருக்கும் சியாக்காப்.

கூண்டுக்காரர் யோசித்தது வேறு திக்கில். "எலிக்கு ஆந்தை வச்சோம். இதைத் தின்ன ஒண்ணு இந்தத் தண்ணியில இருக்காதா?" கேள்வி நியாயமானது. அதனால் அந்த ஆந்தைக் கதையையே கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் கூகை ஆந்தை ஒரு காலத்தில் அரிது. 1960களின் இறுதியில் ஜொகூரின் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது கூடு கட்டியதைப் பதிவு செய்தார்கள். செம்பனைப் பழத்தைத் தின்று எலி பெருகியது, எலியைத் தேடி ஆந்தை வந்தது. அதன் இரையில் கிட்டத்தட்ட எல்லாமே எலிதான் என்று கக்கிய எலும்பு உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஆனால் செம்பனையில் ஆந்தை கூடு வைக்கத் தகுந்த பொந்து கிடையாது. அதனால் கம்பம் நட்டுப் பெட்டி வைத்தார்கள். 1980களில் புது வகை எலி மருந்து வந்தபோது, மருந்துண்ட எலியைத் தின்று ஆந்தைகளும் செத்தன; பெட்டிகள் காலியாகின. அந்த மருந்தைக் குறைத்த தோட்டங்களில் மறுபடி வந்தன.

ஆக, தோட்டம் செய்தது இரண்டே காரியம்: ஆந்தைக்கு இல்லாத இடத்தைக் கொடுத்தது, ஆந்தையைக் கொல்வதை நிறுத்தியது. கூண்டைச் சுற்றிய கதையும் இந்த இரண்டில்தான் வந்து நின்றது. ஆனால் நாங்கள் அங்கே நேராகப் போய்ச் சேரவில்லை.

முதலில் செய்தது

என்னிடம் பேசுவதற்கு முன்பே கூண்டுக்காரர் ஒரு சோதனை செய்துவிட்டிருந்தார். பூபு (நண்டுப் பொறிக்கூடு) போட்டு நண்டு பிடிப்பவர்களிடம் உயிரோடு சேற்று நண்டு வாங்கி, கட்டை அவிழ்த்து, ஒரு கூண்டுக்குள் விட்டார். எண்ணம் தவறில்லை. இயற்கையில் வளர்ந்த சேற்று நண்டின் வயிற்றைத் திறந்து பார்த்த பழைய ஆய்வு ஒன்றில், இரையில் பாதியளவு சிப்பி, நத்தை வகையறா என்று வந்திருக்கிறது. அந்த இடுக்கியின் பலத்துக்கு மைட்டெல்லா ஓடு ஒரு பொருட்டே இல்லை.

நடந்தது வேறு. சியாக்காப்புக்குப் போட்ட மீன் துண்டில் கீழே விழுந்ததை நண்டுகள் தின்றன. செத்த மீனைத் தின்றன. தோலுரித்து மெத்தென்று இருந்த நண்டை மற்ற நண்டுகள் தின்றன. அதெல்லாம் முடிந்த பிறகு வலையை வெட்டின. ஒரு நாள் காலையில் பார்த்தால் கூண்டில் மீன் பாதிதான் இருந்தது. "நண்டு மேல தப்பு இல்ல, சாப்பாடு கையில கெடைக்கும்போது யாரு கொட்டைய ஒடைப்பா" என்று இப்போது சிரிக்கிறார். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்.

அடுத்தது பாவால் எமாஸ். தட்டையான, மஞ்சள் துடுப்பு மீன், நம் கடலிலேயே இருப்பது. தொண்டையில் ஓடு நொறுக்கும் தட்டுகள் உண்டு, இயற்கையில் சிப்பி நத்தைகளைத் தின்று வாழும். சியாக்காப் விழுங்க முடியாத அளவில் சிலவற்றைச் சேர்த்து விட்டார். வலையின் உட்புறத்தில் பொடிக் குஞ்சுகள் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. வெளிப்புறம் அப்படியே. தீனி உருண்டை போட ஆரம்பித்ததும் உட்புறமும் பழையபடி ஆனது.

பெட்டி வைத்துப் பார்த்தது

இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார். இரைகொல்லியைக் கொண்டுவந்து விடுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கிறவை என்ன செய்கின்றன என்று பார்ப்போமே என்றேன். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உலகம் முழுக்கக் கடற்கரை ஆய்வுகளில் செய்வது. சிப்பி ஒட்டிய பழைய வலைத் துண்டுகளைச் சட்டத்தில் கட்டி, மூன்று விதமாக வைக்க வேண்டும்: ஒன்று கம்பிவலைப் பெட்டிக்குள் முழுக்க மூடியது, ஒன்று திறந்தது, ஒன்று பாதி மூடியது. பாதி மூடியது எதற்கு என்றால், பெட்டியின் நிழலாலும் ஓட்டத் தடையாலும் சிப்பி கூடியதா, இரைகொல்லி வராததால் கூடியதா என்று பிரித்துப் பார்ப்பதற்கு. இது இல்லாவிட்டால் பெட்டி வைத்ததில் அர்த்தமில்லை.

இந்த மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தோம். கூண்டு மிதவையிலிருந்து நடுத்தண்ணீரில் தொங்கவிட்டது ஒன்று. படகுத்துறை மரத்தூணின் அடியில், சேற்றுக்குச் சற்று மேலே கட்டியது ஒன்று. பாக்காவ் (சதுப்புநிலக் கண்டல்) மர வேர்களின் ஓரத்தில், தண்ணீர் இறங்கினால் வெளியே தெரியும் இடத்தில் ஒன்று.

மிதவையில் தொங்கியவற்றில் மூடியது, திறந்தது, பாதி மூடியது என்று ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்றும் ஒரேபோல் தடித்தன. தூணடியில் கதை மாறியது. மூடிய பெட்டிக்குள் சிப்பி பொங்கி வழிந்தது. திறந்ததிலும் பாதி மூடியதிலும் பெரிய சிப்பிகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன, குஞ்சுகளைக் காணோம். பாக்காவ் ஓரத்தில் திறந்த சட்டம் ஏறக்குறைய வெறும் வலையாகவே இருந்தது.

அங்கே சேற்றில் கிடந்த ஓடுகள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குனிந்து பொறுக்கினால் யார் தின்றது என்று படித்துவிடலாம். ஓரம் பல் பல்லாக உடைந்து, துண்டு துண்டாகக் கிடந்தால் நண்டு. ஓடு முழுசாக இருந்து, ஊசி முனையால் குத்தியது போல ஒரே ஒரு வட்டத் துளை இருந்தால் துளைக்கும் நத்தை. அந்த நத்தை, ஓட்டைக் கரைக்கும் சுரப்பை விட்டு, அரம் போன்ற நாக்கால் மாற்றி மாற்றிச் சுரண்டித் துளை போடும். ஒரு சிப்பிக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். தூணில் ஏறித் துளைக்கும் நத்தையும், சேற்றுக்குள் புதைந்து துளைக்கும் நத்தையும் வேறு வேறு. இரண்டாவது போடும் துளை வெளியே அகன்று உள்ளே குறுகி, சரிவாக இருக்கும். ஓடே மிச்சமில்லாமல் சட்டத்திலிருந்து காணாமல் போனால் அநேகமாக மீன் அல்லது திருக்கை. நாங்கள் பொறுக்கியதில் நொறுங்கியவையே அதிகம். இரவில் டார்ச் அடித்துப் பார்த்தபோது தூணடியில் நின்றவை பெரும்பாலும் பாசாருக்கு வராத சிறு நீந்தும் நண்டுகள். விலைபோகும் சேற்று நண்டு தென்படவே இல்லை.

மழைக்காலத்தில் இன்னொன்று தெரிந்தது. வாடைக்காற்று மழையில் ஆற்றுத் தண்ணீர் பெருகி உப்பு இறங்கியபோது தூணில் நத்தைகளைக் காணவில்லை, நண்டும் குறைந்தது. சிப்பி மட்டும் மூடிக்கொண்டு இருந்தது. இரைகொல்லி தாங்காத உப்பில் இரை தாங்குகிறது என்றால், ஒவ்வொரு மழைக்காலமும் அதற்கு விடுமுறை.

மற்ற ஊர்களில் கண்டது

இது மாசாய்க்கு மட்டுமான விஷயமில்லை. கலிபோர்னியாவின் சான் டியேகோ பக்கம் ஆசியாவிலிருந்து போன ஒரு சிறு சிப்பி சேற்றில் பாய் விரித்தாற்போல் பரவியது. அங்கே உள்ளூர்த் துளைக்கும் நத்தையும் கல் இறாலும் அதைத் தின்று கட்டுப்படுத்துகின்றன என்று 1998இலும் அதற்குப் பின்னும் வந்த ஆய்வுகள் காட்டின. அங்கும், முகத்துவாரத்தின் உட்பகுதிக்குப் போகப் போக இரைகொல்லிகள் குறைந்து சிப்பிக்குப் புகலிடம் கிடைக்கிறது.

நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுக் கதைதான் இதில் நீளமானது. வரிக்குதிரைச் சிப்பி 1991இல் வந்தது. அது நன்னீர்ச் சிப்பி என்றாலும் பாடம் ஒன்றுதான். முதல் பத்தாண்டில் அதை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. பிறகு வளர்ந்த சிப்பிகள் ஓராண்டுகூடத் தாங்காமல் போக ஆரம்பித்தன. பெட்டி வைத்துப் பார்த்ததில், நீல நண்டு போன்ற பெரிய இரைகொல்லிகள்தான் காரணம் என்று தெரிந்தது. உள்ளூர் விலங்குகளுக்குப் புது இரை பழகவே பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. அப்போதும் சிப்பி ஒழியவில்லை. ஒவ்வொரு வருடமும் குஞ்சுகள் வந்துகொண்டேதான் இருந்தன, ஆனால் பெரியவை இல்லாததால் ஆற்றின் மீதான பாதிப்பு குறைந்தது. கூண்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "பத்து வருஷமா? அதுக்குள்ள நான் பென்ஷன் எடுத்துருவேன்" என்றார். சொந்தத் தொழிலுக்கு ஏது பென்ஷன் என்று நானும் கேட்கவில்லை.

உள்ளூர் உயிரை வளர்த்துக் கொண்டுபோய் விட்டு ஜெயித்த கதையும் உண்டு. ஹவாயின் கனேயோஹே விரிகுடாவில் பவளத்தை மூடிய வெளியூர்க் கடற்பாசியை முதலில் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு அரசுப் பொரிப்பகத்தில் வளர்த்த உள்ளூர்க் கடல் முள்ளெலிகளை லட்சக்கணக்கில் விட்டார்கள். பெரும்பாரத்தை மனிதன் எடுத்தான், மறுமுளையை முள்ளெலி மேய்ந்தது. நமக்குச் சபாவின் செம்பூர்ணாவில் வருமானம் தரும் அதே இனக் கடற்பாசிதான் அங்கே வம்பு செய்தது. நம் பச்சைக் கூப்பாங்கும் புளோரிடாவில் வந்தேறிதான்.

இரைகொல்லியை வெளியிலிருந்து கொண்டுவரலாமா என்று கேட்டால் ஒரே பதில், கூடாது. ஆப்பிரிக்க ராட்சத நத்தையைத் தின்னட்டும் என்று 1955இல் ஹவாயிலும், 1977இல் தஹிதி பக்கத்து மோரியா தீவிலும் ஒரு அமெரிக்க நத்தையை விட்டார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டு, உலகில் வேறெங்கும் இல்லாத உள்ளூர் மர நத்தைகளைத் தின்று தீர்த்தது. நம் நாட்டில் 1985 மீன்வளச் சட்டம் உயிருள்ள மீனினங்களை அனுமதியில்லாமல் கொண்டுவருவதைத் தடுக்கிறது. அந்தக் கதவை யாரும் தட்டாமல் இருப்பதே நல்லது.

நத்தையும் அண்டை வீட்டாரும்

உள்ளூர் நத்தையைப் பிடித்து வந்து தூண்களில் விட்டால் என்ன என்று ஒரு கட்டத்தில் பேச்சு வந்தது. கூப்பாங் கயிறு போட்டிருக்கும் அண்டைக்காரர் சத்தம் போட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. துளைக்கும் நத்தைக்குக் கருப்புச் சிப்பி, பச்சைச் சிப்பி என்ற பேதம் கிடையாது. மேற்குக் கரையில் கெராங் என்னும் சிப்பியின் படுகைகளைத் தின்னும் நத்தைகளைப் பற்றி 1980களிலேயே இந்நாட்டில் ஆய்வு செய்திருக்கிறார்கள். மேற்கண்ட இரண்டு வகைத் துளைப்பான்களும் அதில் குற்றவாளிகள்தான். கெராங் விளைச்சல் ஏற்கெனவே சரிந்து கிடக்கிறது. இரைகொல்லியை ஓரிடத்தில் குவித்தால், கருப்பைத் தின்று முடித்த பிறகு அது எங்கே போகும் என்று நாம் உத்தரவாதம் தர முடியாது. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பச்சைக் கூப்பாங்குக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. நண்டும் நத்தையும் பக்கத்தில் இருக்கும் வாடை தண்ணீரில் கலந்தால், அது ஓட்டைத் தடிமனாக்கிக் கொள்கிறது என்று ஹாங்காங்கில் கண்டிருக்கிறார்கள். பல்லாயிரம் வருடமாக இதே எதிரிகளோடு வாழ்ந்த உயிர் அது.

சேற்று நண்டு எங்கே?

தூணடியில் வேலை பார்த்ததெல்லாம் பொடி நண்டுகள். அவற்றால் பொடிச் சிப்பியைத்தான் உடைக்க முடியும். விரல் நீளம் வளர்ந்துவிட்ட மைட்டெல்லாவை உடைக்கக்கூடிய இடுக்கி சேற்று நண்டிடம் இருக்கிறது. அது தண்ணீரில் இல்லை, கடைகளில் கட்டிக் கிடக்கிறது. முகத்துவாரம் முழுக்க வரிசையாக பூபு. சின்னதும் முட்டை சுமந்ததும் பேதமில்லாமல் ஏறுகிறது. தோட்டத்து ஆந்தைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்: ஆந்தையை யாரும் சாப்பிடுவதில்லை, நண்டை எல்லோரும் சாப்பிடுகிறோம். மிளகு நண்டுக்கு ஆசைப்பட்டுத்தானே பாதிப் பேர் கோங் கோங்குக்கு வருகிறார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

அதனால் நண்டு வாங்கி விடுவதைவிட, இருக்கிற நண்டைக் கொஞ்சம் விட்டுவைப்பதுதான் முதல் வேலை என்று முடிவானது. கூண்டுக்காரர் பூபு போடுகிறவர்களிடம் பேசினார். அவர்களில் மலாய்க்காரர்கள், சீனர்கள், பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி எல்லோரும் உண்டு. அவர் கேட்டது சின்னது. துறைத் தூண்களையும் கூண்டுகளையும் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்கு பூபு வேண்டாம், உள்ளங்கையைவிடச் சின்னதையும் முட்டை நண்டையும் திருப்பி விடுங்கள். சிலர் சரி என்றார்கள். சிலர் தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் அங்கேயே போட்டார்கள். மூடிய பெட்டியையும் திறந்த சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான் பேச்சைவிட வேலை செய்தது. ஒருவர் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் படகின் அடியும் இப்படித்தான் ஆகிறது என்றார்.

இது தூணுக்கும் தரைக்கும் சரி. நடுத்தண்ணீரில் தொங்கும் வலைக்கு நண்டு வராது, வந்தாலும் வலையை வெட்டும், நமக்கு வேண்டாம். வலைக்கு வழி பழைய வழிதான்: குஞ்சு பெருகுமுன் வலையை மாற்றுவது, நன்றாகக் காயப்போடுவது. சுரண்டியதைத் தண்ணீரிலேயே தள்ளிவிடும் வழக்கத்தை மட்டும் அடியோடு நிறுத்தியாயிற்று. கொத்தாக விழும் சிப்பி சாவதில்லை, விழுந்த இடத்தில் பாய் விரித்துவிடும். இப்போது சாக்கில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, மழையில் உப்புக் கழுவிப் போகும்வரை குவித்து வைத்து, நொறுக்கி வீட்டுக் கொல்லையில் போடுகிறார்கள். சுண்ணாம்புச் சத்துதானே, புளித்த மண்ணுக்கு ஆகும். தென் அமெரிக்காவில் இதைச் சமைத்துச் சாப்பிடும் ஊர்கள் உண்டு. ஆலைக் கழிவு கலக்கும் இந்தத் தண்ணீரில் வடிகட்டித் தின்று வளர்ந்ததைச் சட்டியில் போட எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

மிதவைச் சட்டத்தின் முடிவு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. இரைகொல்லி எட்டாத எந்தத் தொங்கு பொருளும் சிப்பிக்கு நாற்றங்கால். எங்கள் கூண்டுகளுக்கு மேல்நீரோட்டத்தில், தொழிலை விட்டுப் போனவர்கள் கைவிட்ட பழைய கூண்டுச் சட்டங்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் டிரம், அறுந்த கயிறு, மூழ்கிய வலை. யாரும் சுரண்டுவதில்லை, நண்டும் எட்டாது. அவற்றின் அடியில் கைவைத்தால் முழங்கை வரை சிப்பி. ஒவ்வொரு முறையும் நாம் புது வலை இறக்கும்போது விதை அங்கிருந்துதான் வருகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அங்கிருந்தும் வருகிறது.

எலி மருந்தை மாற்றாமல் பெட்டி மட்டும் நட்ட தோட்டத்தில் ஆந்தை நிற்கவில்லை. அதுபோல இந்த டிரம்களை அப்படியே விட்டுவிட்டுத் தூணடியில் நண்டைக் காப்பாற்றிப் பயன் குறைவு. அடுத்த வாடைக்காற்று மழைக்கு முன் அவற்றைக் கரையேற்ற வேண்டும் என்று கூண்டுக்காரர் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். படகுக்குப் பெட்ரோல் அவர் பொறுப்பு, சாப்பாடு அண்டைக்காரர் பொறுப்பு. கூப்பாங் கயிறு வைத்திருக்கும் அதே அண்டைக்காரர்தான். சட்டங்களின் சொந்தக்காரர்களில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்து ஃபோன் போட்டாயிற்று, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர் யாரென்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.